கட்டிலுக்கு அடியில் ஏழு பைகள்

மாத்திரை அட்டை ஒன்று கை தவறிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த அம்மாவால் குனிய முடியாது. நான் குனிந்தேன். அங்கே சுவரை ஒட்டி ஏழு பைகள் இருந்தன. எங்கள் பைகள்தான். தனியாக வாழும் முதியவர்களுக்கு மாதாமாதம் எங்கள் குழு கொண்டுபோய்க் கொடுக்கும் மளிகைப் பைகள், போட்ட முடிச்சு போட்டபடி. அவற்றின் மேல் மூன்று போர்வைகள், பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல். அந்த ஏழில் நான்கையாவது நானே என் கையால் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் "ரொம்ப உபகாரம் தம்பி" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவர் அவர்.

"என்னம்மா, எதையுமே பிரிக்கலையா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதல் ரெண்டு மாசம் பிரிச்சேன். அப்புறம் பிரிக்கலை. எனக்குப் பென்ஷன் வருது தம்பி. வேண்டியதை வாங்கிக்கிறேன்" என்றார். "அப்ப வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன். "சொன்னா நீங்க வரமாட்டீங்களே."

என் மனம் உருகிவிட்டது என்று இந்த இடத்தில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது எரிச்சல். எங்கள் பட்டியலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள் 11 பேர். பிரிக்காத பைகளில் பாதி இந்நேரம் கெட்டுப்போயிருக்கும். யாரோ தம் செலவைச் சுருக்கிக் கொடுத்த பணம் அது. அவரிடம் எதுவும் காட்டிக்கொள்ளாமல் விடைபெற்றேன். அன்றிரவே பட்டியலைத் திறந்து அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். குறிப்புக்கான கட்டத்தில் ஒரே சொல் எழுதினேன்: 'தேவையில்லை.'

நான் செய்ததில் தவறு என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு அடித்துப் பேசியிருப்பேன். இன்றைக்கும் அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. பை குறைவு, கேட்பவர்கள் அதிகம், இல்லாதவருக்குத்தான் கொடுக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அடுத்த மாதம் அதே தெருவில், அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவருக்குப் பை கொடுக்கப் போனேன். அந்த அம்மா வாசலையொட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது முதல் சனிக்கிழமை, நாங்கள் வரும் நாள். நான் பையோடு கடந்து போவதைப் பார்த்தார். சிரித்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

பூஜ்யம் என்ற பெருமை

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 18 பேர். ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது, வாரக் கடைசியில் இது. தனியாக வாழும் முதியவர்கள் 41 பேருக்கு மாதம் ஒரு பை. எங்கள் துண்டறிக்கையின் கடைசி வரி இது: 'நிர்வாகச் செலவு பூஜ்யம். நீங்கள் தரும் ஒவ்வொரு காசும் பையாகப் போய்ச் சேரும்.' அந்த வரியை எழுதியவன் நான். கொடுப்பவர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள். சிலர் அதைச் சொல்லியே இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டார்கள்.

பூஜ்யம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. வண்டிச் செலவு அவரவர் பாக்கெட்டிலிருந்து. அதனால் யார் அந்தப் பக்கம் போகிறாரோ அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அடுத்த மாதம் வேறொருவர். ஒருங்கிணைக்க ஆள் கிடையாது. நடுவில் ஒரு போன் போட்டு 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பது யாருடைய வேலையும் இல்லை. கதவைத் தட்டுவது, பையைக் கொடுப்பது, கையெழுத்து வாங்குவது, நன்கொடையாளர்களுக்கு அனுப்ப ஒரு படம் எடுப்பது. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடம் ஆனால் மணியைப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் எட்டு வீடு முடித்தவர் என்று எங்களுக்குள் ஒருவருக்குப் பெயரே உண்டு.

அந்த அம்மா எங்களிடமிருந்து பெற்றது அந்த ஐந்து நிமிடத்தை. அதற்கான நுழைவுச்சீட்டாகப் பையை வாங்கி வைத்துக்கொண்டார். நாங்களோ நுழைவுச்சீட்டைத்தான் கொடையென்று நினைத்துக்கொண்டிருந்தோம். சீட்டு அவருக்குத் தேவையில்லை என்று தெரிந்ததும், உள்ளே நடந்துகொண்டிருந்ததையும் சேர்த்து நிறுத்திவிட்டோம்.

ஒரு முதியவரின் வீட்டுக்கு ஒருவர் வாரம் தவறாமல் போக வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று பிறகொரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். முதலில், போகிறவர் யார் என்று விசாரிக்க ஒருவர் வேண்டும். தனியாக இருக்கும் ஒரு வயதானவரின் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஆளை அனுப்புவது விளையாட்டில்லை. ஏமாற்றுக்காரர்களும் இதே சிரிப்போடுதான் வருவார்கள். பிறகு, யாருக்கு யார் பொருத்தம் என்று பார்க்க வேண்டும். காது கேட்காதவரிடம் முணுமுணுவென்று பேசும் பையனை அனுப்பி என்ன பயன்? போகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள். வண்டிக் கட்டணம். போன் கட்டணம். தட்டியும் கதவு திறக்காவிட்டால் யாரை அழைப்பது என்று தெரிந்த ஒருவர். இது எல்லாவற்றையும் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள் தெரியுமா? நிர்வாகச் செலவு. நாங்கள் பெருமையோடு பூஜ்யம் ஆக்கி வைத்திருந்தது இதைத்தான்.

2013-ல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள், கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ், சேர்ந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்பது அதன் சாரம். அந்த விகிதத்தைப் பார்க்க மக்களைப் பழக்கியதில் பங்குள்ள அமைப்புகளே அப்படி எழுத வேண்டி வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் கடிதத்தால் என்ன மாறும்? பைக்குக் கொடுத்தால் படம் வரும். ஒருவரின் பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுத்தால் எதைப் படம் எடுத்து அனுப்புவது?

ரொட்டிக்கு முன்னால் பூ

இதையெல்லாம் என்னைவிட முன்னால் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். பாரிஸில் 1946-ல் ஆர்மாண் மார்கிஸே என்பவர் தனித்து வாழும் ஏழை முதியவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'ஏழைகளின் சின்னச் சகோதரர்கள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். போர் முடிந்த கையோடு, எதற்கும் தட்டுப்பாடு இருந்த காலம். வீடு வீடாக உணவு கொண்டுபோனார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட முழக்கம் 'ரொட்டிக்கு முன்னால் பூக்கள்' என்பது. முதல்முறை படித்தபோது பசியைப் பார்க்காதவர் பேச்சு என்று தோன்றியது. அந்த மனிதர் பசியைப் பார்த்துக்கொண்டே, கையில் உணவோடு நின்றுகொண்டே அதைச் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது. பூவை யாரும் தேவைப் பட்டியலில் எழுதுவதில்லை. பூ கொடுத்தால் 'உன்னை நினைத்து வந்தேன்' என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

பிரிட்டனில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எஸ்தர் ரான்ட்சன் 2013-ல் தொடங்கிய சில்வர் லைன் என்ற தொலைபேசிச் சேவை வேறு மாதிரி. முதியவர்கள் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துப் பேசலாம், நடுராத்திரியிலும். வாரம் ஒருமுறை தானே அழைத்துப் பேசும் தன்னார்வலரையும் ஏற்பாடு செய்தார்கள். அங்கே கொடுக்கும் நன்கொடை ஒரு பொருளாகவும் மாறுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் விழித்திருந்து போனை எடுப்பதாக மாறுகிறது. எங்கள் துண்டறிக்கையின் அளவுகோலால் அளந்தால் அது முழுக்க முழுக்க நிர்வாகச் செலவு.

1995 ஜூலையில் சிகாகோவைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள். பலர் வயதானவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள், பூட்டிய அறைக்குள் இறந்து கிடந்தவர்கள். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் அங்கே அருகருகே இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையும் தனித்து வாழும் முதியவர்களின் பங்கும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைப்போலப் பத்து மடங்கு. இறப்பு குறைந்த பகுதியில் தெருக்கள் கலகலப்பாக இருந்தன. கடைகள் திறந்திருந்தன, மனிதர்கள் நடமாடினார்கள், முதியவர்கள் வெளியே வந்து போனார்கள். மற்றதில் தெருக்கள் வெறிச்சோடியிருந்தன, வெளியே வரவே பயந்தார்கள். என் மொழியில் சொன்னால், ஒரு நாள் ஆளைக் காணோம் என்றால் 'எங்கே அந்தப் பெரியவர்' என்று கேட்க ஒரு இடத்தில் ஆள் இருந்தது, மற்ற இடத்தில் இல்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2003 ஆகஸ்டில், பிரான்ஸில் இதே கதை பல மடங்கு பெரிதாக நடந்தது. சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். நாடே கூசிப்போனது. 2004-ல் ஒரு சட்டம் வந்தது: ஊழியர்கள் ஆண்டில் ஒரு நாள் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும், அதற்கு ஈடாக முதலாளிகள் சம்பளத் தொகையில் 0.3 சதவீதம் செலுத்த வேண்டும், அந்தப் பணம் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் பராமரிப்புக்குப் போகும். ஒற்றுமை நாள் என்று பெயர். கட்டாயமாக வாங்குவதைக் கொடை என்று சொல்லலாமா என்று அங்கே நிறையப் பேர் சண்டை போட்டார்கள். எனக்குப் பிடித்தது அதன் அலகு. அதை அவர்கள் ஒரு நாளாக அளந்தார்கள்.

தனியாக இருப்பதும் தனிமையும்

தமிழில் தனிமை என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். யாரும் உடனில்லாமல் இருப்பதும் தனிமை, யாரும் இல்லையே என்று நெஞ்சு வெறுமையாக இருப்பதும் தனிமை. ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சக ஆய்வாளர்களும் 2015-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மனத் தனிமை முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பை 26 சதவீதமும், தொடர்புகள் அறுந்துபோவது 29 சதவீதமும், தனி வீட்டில் வாழ்வது 32 சதவீதமும் உயர்த்துவதாகக் கண்டார்கள். மூன்றும் வெவ்வேறு, ஆனால் எண்கள் பக்கத்துப் பக்கத்தில். தனிமை ஒரு நாளைக்குப் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று நன்கொடை கேட்கும் எல்லாத் துண்டறிக்கையிலும் இப்போது போடுகிறார்களே, அதற்கும் இவருடைய ஆய்வுகள்தான் மூலம். எனக்கு அந்த ஒப்பீட்டில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரு கிழவியோடு உட்கார்ந்து பேசுவதற்குக்கூட நுரையீரலைக் காட்டிப் பயமுறுத்த வேண்டியிருக்கிறதே என்று.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். எங்கள் விண்ணப்பப் படிவம் பாத்திரத்தை நன்றாகவே தட்டிப் பார்த்தது. வருமானம் எவ்வளவு, என்ன நோய், பிள்ளைகள் எங்கே, பணம் அனுப்புகிறார்களா. கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள் என்று ஒரு கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வி இருந்திருந்தால் அந்த அம்மாவின் பெயர் பட்டியலின் மேலே வந்திருக்கும், அதே பட்டியலில் மளிகை வாங்கும் ஒருவரின் பெயர் கீழே போயிருக்கும். அவர் வீட்டில் சாமான் இருக்காது, ஆனால் மாலையானால் திண்ணை நிறைய ஆள்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அபத்தமாகிவிடும். எங்கள் 41 பேரில் 30 பேருக்காவது அந்தப் பை இல்லாவிட்டால் மாதக் கடைசி ஓடாது. வயிறு காய்கிறவரிடம் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு அன்பாகப் பேசிவிட்டு வெறுங்கையோடு வருவது கொடுமை. நான் பைகளை நிறுத்தச் சொல்லவில்லை.

கூட்டல் பிழை

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கையில் பை இல்லாமல் அந்தக் கதவைத் தட்டுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கதவைத் திறந்தவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். "என்ன தம்பி, பேரை எடுத்துட்டீங்கள்ல?" என்றார். "ஆமாம்மா." "சரிதான். எனக்கு வேண்டாம்தானே." அவ்வளவுதான். உட்காரச் சொன்னார்.

அந்த முதல் சந்திப்பும் அடுத்த இரண்டும் படுமோசம். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரே நாளில் மூன்று முறை கேட்டேன். அவரும் மூன்று முறையும் நல்லாத்தான் இருக்கு என்றார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பை இருந்த காலத்தில் ஐந்து நிமிடம் எங்கள் இருவருக்குமே வேலை இருந்தது, கொடுப்பதும் வாங்குவதும். இப்போது அதுவும் போய்விட்டது. நான் தொண்டு செய்ய வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவர் அதைச் செய்யவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யார் யாருக்கு உபகாரம் செய்கிறார் என்றே குழப்பமாகிவிட்டது.

பிறகு படித்தபோது தெரிந்தது, இது என் குறை மட்டுமில்லை. மீமா கட்டன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2005-ல் முதியோர் தனிமையைக் குறைக்க நடந்த முயற்சிகளைப் பற்றிய 30 ஆய்வுகளை அலசினார்கள். பலனளித்த பத்து முயற்சிகளில் ஒன்பது குழுவாகக் கூடிக் கற்பது, ஒருவருக்கொருவர் துணை நிற்பது போன்றவை. பலனளிக்காதவற்றில் பெரும்பாலானவை ஒருவருக்கு ஒருவராகத் தனித்தனியே ஆதரவும் ஆலோசனையும் தந்தவை. வீடு தேடிப் போவதுதான் விடை என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்த எனக்கு இது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நான்காவது முறை என் தோள்பையில் குழுவின் கணக்கு நோட்டு இருந்தது. அன்று மாலை கூட்டம். ரசீதைத் தேடும்போது அதை எடுத்து மேசையில் வைத்தேன். "என்ன அது?" என்றார். "கணக்கும்மா." "காட்டு." கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். விரலை ஓர் இடத்தில் வைத்தார். "இது என்ன கூட்டல்? இங்க ஒண்ணு மிச்சம் வெச்சது எங்க போச்சு? போன மாச இருப்பு இந்த மாசம் எப்படிக் குறைஞ்சுது?" அவர் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் 31 வருடம் இருந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்பது மாதம் அவர் வீட்டுக்குப் பை கொடுத்திருக்கிறோம். என்ன வேலை பார்த்தீர்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. படிவத்தில் 'பென்ஷன் உண்டா' என்று மட்டும் இருந்தது. அதிலும் யாரோ தப்பாகக் குறித்திருந்தார்கள்.

அன்று கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுந்தேன். "நோட்டை வெச்சிட்டுப் போ" என்றார்.

இப்போது எங்கள் கணக்கு அவரிடம் இருக்கிறது. செலவு செய்த ஒவ்வொருவரும் ரசீதோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ரசீது இல்லாமல் போனால் வாசலிலேயே விசாரணை. எங்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்தால் பயப்படுகிறார்கள், மீதிப் பேர் காரணமில்லாமலே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். முதல் மூன்று மாதத்தில் அவர் கண்டுபிடித்த பிழைகளில் இரண்டு என்னுடையவை.

துண்டறிக்கையின் கடைசி வரியை எடுத்துவிட்டோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம், ஆனால் அது அவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. வசூலில் ஒரு பங்கை வண்டிச் செலவுக்கும் போனுக்கும் பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, கூட்டத்தில் ஒருவர் "ஊர்ப் பணத்துல ஊர் சுத்தப் போறீங்களா" என்றார். நான்கு பேர் விலகினார்கள். நீண்ட நாளாகக் கொடுத்துவந்த ஒருவர் நிறுத்திக்கொண்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான்: "நான் கொடுத்தது யாருக்குப் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" இன்னும் என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. வாரம் ஒரு போன், மாதம் இரண்டு முறை ஒரே ஆள் வீட்டுக்கு, இயன்றவர்களை ஓர் இடத்தில் கூட்டி வைப்பது என்று தொடங்கியிருக்கிறோம். கூட்டி வைத்த முதல் நாள் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் மறுநாள் போன் செய்து, அடுத்தது எப்போது என்று கேட்டார்.

போன மாதம் ரசீதுகளோடு போனேன். அந்த அம்மா மேசை மேல் மூன்று போர்வைகளை அடுக்கி வைத்திருந்தார், அதே பிளாஸ்டிக் உறையோடு. மளிகைப் பைகளை எப்போதோ தூக்கிப் போட்டாகிவிட்டது. போர்வைகள் மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்திருக்கின்றன.

"இதைக் காத்திருக்கிறவங்கள்ல யாருக்காவது குடு. ஆனா சும்மா எடுத்துட்டுப் போகக் கூடாது. நன்கொடை வரவுல எழுதணும், ரசீது போடணும்."

"நாங்க கொடுத்ததுதானேம்மா?"

"கொடுத்தாச்சுல்ல? அப்ப என்னுதுதானே?"

ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். கார்பன் தாள் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்த்தார். நான் தேதி எழுதினேன். பொருள்: போர்வை, 3. கொடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதத் தொடங்கினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுப் பேரா எழுது. இனிஷியலை விட்டுடாத."